விடுகைப் பத்திரத்தில் ஒரு வரி

பாடசாலையை விட்டு விலகும் மாணவனுக்கு அதிபர் ஒரு விடுகைப் பத்திரம் கொடுக்கிறார். பெயர், பிறந்த திகதி, கடைசியாகப் படித்த வகுப்பு ஆகியவற்றோடு 'நடத்தை' என்று ஓர் இடமும் அதில் இருக்கும். அந்த இடத்தில் எழுதப்படும் சொல்லை அன்றைய தினம் மாணவனும் பெரிதாக எண்ணுவதில்லை, பெற்றோரும் எண்ணுவதில்லை. பின்னர் ஒரு தொழிலுக்கு விண்ணப்பிக்கும் வேளையில்தான் அதன் பாரம் தெரிய வருகிறது.

அமெரிக்கப் படைகளிலிருந்து விலகுகின்ற ஒவ்வொருவருக்கும் இவ்வாறான ஒரு பத்திரம் உண்டு. 'டி.டி. 214' என்பது அதன் பெயர். எத்தனை வருடம் சேவை செய்தார், எங்கெங்கே போர்க்களத்தில் நின்றார், என்னென்ன பதக்கங்கள் பெற்றார் என்பதெல்லாம் அதில் பதியப்பட்டிருக்கும். இவற்றோடு இரண்டு கட்டங்களும் உண்டு. ஒன்றில் சேவையின் தன்மை எழுதப்படும். மற்றதில் விலகியதற்கான காரணம் எழுதப்படும். இருபது வயதில் செய்த தவறு ஒன்றுக்காக அந்தக் கட்டங்களில் எழுதப்பட்ட வரியை மாற்றித் தரும்படி நாற்பது, ஐம்பது, எழுபது வயதிலும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கின்ற மனிதர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள்.

ஒரு வரிக்காக ஏன் இந்தப் பாடு? தவறு செய்தவன் அதன் விளைவை அனுபவிக்க வேண்டியதுதானே என்று நாம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விடயத்தை முழுமையாகப் பார்த்த பின்னரே அதற்கு விடை சொல்ல முடியும்.

ஐந்து வகை விடுகைகள்

அமெரிக்கப் படைகளில் விடுகை பிரதானமாக ஐந்து வகைப்படும். முதலாவது கௌரவமான விடுகை. இரண்டாவது, கௌரவமான நிலைமைகளின் கீழ் வழங்கப்படும் பொது விடுகை. சேவை திருப்தி, ஆனால் சிறு குறைகள் உண்டு என்பது இதன் பொருள். மூன்றாவது, கௌரவமான நிலைமைகள் அல்லாத விடுகை. இம்மூன்றையும் வழக்கு விசாரணை எதுவுமின்றி நிர்வாக நடவடிக்கை மூலமே வழங்கிவிடலாம். நான்காவதான கெட்ட நடத்தை விடுகையையும் ஐந்தாவதான அவமானகரமான விடுகையையும் இராணுவ நீதிமன்றம் மாத்திரமே தண்டனையாக விதிக்க முடியும்.

இவற்றுள் மூன்றாவது வகையைக் கவனியுங்கள். அதை வழங்குவதற்கு எந்த நீதிமன்றமும் ஒருவரைக் குற்றவாளியாகக் காண வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பத்திரத்தோடு வீடு திரும்புபவருக்குப் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியம், நட்டஈடு, வீட்டுக் கடன் உதவி முதலிய சலுகைகளைப் பெறுவதற்கு, சேவை 'அவமானகரமான நிலைமைகளில்' முடிந்திருக்கக் கூடாது என்பது 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனை. மூன்றாவது வகைப் பத்திரத்தோடு வருபவர் இந்த நிபந்தனைக்குள் அடங்குவாரா என்பதை முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம் ஒவ்வொருவராக ஆராய்ந்தே தீர்மானிக்கிறது. ஆராயும் முன்பே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. உயர்கல்விக்கான உதவியோ இன்னும் கடினமானது. இரண்டாவது வகையான பொது விடுகை பெற்றவருக்குக்கூட அது கிடைப்பதில்லை. தொழில் தருபவர்கள் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

காயமும் தவறும்

விளங்கிக்கொள்வதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது தனியொருவரின் கதையன்று. இத்தகைய மனுக்களில் திரும்பத் திரும்பக் காணப்படுவதையே இங்கு ஒருவரின் கதையாகச் சொல்கிறோம்.

பத்தொன்பது வயதில் ஓர் இளைஞன் இராணுவத்தில் சேருகிறான். 2006 ஆம் ஆண்டளவில் ஈராக்கிற்கு அனுப்பப்படுகிறான். ஒருநாள் வீதியோரத்தில் புதைத்து வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து, அவனுக்கு முன்னால் சென்ற வாகனம் சிதறுகிறது. காலையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நண்பனின் உடலை அவனே தூக்கி வருகிறான். அதுவரை அவனுடைய சேவைப் பதிவில் ஒரு கறையும் இல்லை. பாராட்டுக் கடிதங்கள்கூட இருக்கின்றன.

நாடு திரும்பிய பின் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. கதவு பலமாகச் சாத்தப்பட்டால் தரையில் விழுந்து படுத்துக்கொள்கிறான். மனைவியிடம் காரணமின்றி எரிந்து விழுகிறான். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்குகிறான். அது போதாமல் கஞ்சாவும் சேர்கிறது. முகாமில் நடந்த சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்படுகிறான். அதன்பின் சில வாரங்கள் முகாமுக்கே போகவில்லை. கடைசியில் அதிகாரிகள் அவனிடம் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். இராணுவ நீதிமன்றத்துக்குப் போவதற்குப் பதிலாக விடுகையைக் கேட்டுக் கையொப்பமிடலாம் என்கிறார்கள். எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தவன் கையொப்பமிடுகிறான். 'கொஞ்ச நாளில் இது தானாகவே நல்ல பத்திரமாக மாறிவிடும்' என்று யாரோ சொன்னதையும் நம்பிவிடுகிறான். ஆறு மாதத்தில் விடுகை தானாகவே உயர்ந்துவிடும் என்ற கதை படைவீரர்களிடையே நெடுங்காலமாக உலவுகிறது. அது முழுப் பொய். கேட்காமல் எதுவும் மாறுவதில்லை.

வீட்டுக்கு வந்தவனைக் கெட்ட கனவுகள் விடவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலைக்குப் போகிறான். பத்திரத்தைப் பார்த்தவர்கள் உமக்கு இங்கே உரிமை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

இங்கேதான் விடயத்தின் முடிச்சு இருக்கிறது. போரில் பட்ட காயம் தவறான நடத்தையைக் கொண்டுவந்தது. அந்தத் தவறான நடத்தை, காயத்துக்கு மருந்து கிடைக்கும் கதவை மூடிவிட்டது. கால் இழந்து வந்திருந்தால் அவனுக்குச் சக்கர நாற்காலியும் ஓய்வூதியமும் கிடைத்திருக்கும். அவன் உள்ளத்தில் காயப்பட்டு வந்தான். அந்தக் காயம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து வந்த தவறு மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் தவறான நடத்தைக்காக விலக்கப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 62 பேருக்கு, விலக்கப்படுவதற்கு முந்திய இரண்டு வருடங்களுக்குள் மனவடுவோ, மூளைக் காயமோ, நடத்தையைப் பாதிக்கக்கூடிய வேறு உளநிலைக் கோளாறோ இருப்பதாகப் படைவைத்தியர்களே பதிந்திருந்தார்கள். மனவடுவும் மூளைக் காயமும் இவற்றில் ஒரு பகுதிதான். குடிப்பழக்கம் சார்ந்த கோளாறுகளும், புதிய சூழலோடு ஒத்துப்போக முடியாத கோளாறுகளும் அதிகமாக இருந்தன. எனினும் அந்த 57,141 பேரில் 13,283 பேர் மூன்றாவது வகைப் பத்திரத்தோடுதான் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பெயர் இல்லாத நோய்

பத்திரத்தை மாற்றக் கேட்கும் உரிமை புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம் நீல நிறக் காகிதத்தில் அச்சிட்ட ஒரு விடுகையை வழங்கி வந்தது. அது கௌரவமானதும் அல்ல, அவமானகரமானதும் அல்ல. ஆனால் அதைக் கையில் வைத்திருந்தவருக்குத் தொழிலும் கிடைக்கவில்லை, சலுகையும் கிடைக்கவில்லை. கறுப்பினப் படைவீரர்களுக்கு அது அளவுக்கு மிஞ்சி வழங்கப்பட்டது. பலத்த கண்டனத்தின் பின் 1947 இல் அந்த நீலப் பத்திரம் ஒழிக்கப்பட்டது. இதற்கிடையில், 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விடுகை மீளாய்வுச் சபைகளும், 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இராணுவப் பதிவேடுகளைத் திருத்தும் சபைகளும் ஏற்பட்டன. அந்த இரு வழிகளும் இன்றும் திறந்திருக்கின்றன.

வழி திறந்திருந்தும் வியட்நாம் போருக்குச் சென்று வந்தவர்களால் அதில் இலகுவாகப் போக முடியவில்லை. மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோய் என்று இன்று அழைக்கப்படும் நோய்க்கு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூலில் 1980 இல்தான் இடம் கிடைத்தது. அமெரிக்கப் படைகளோ வியட்நாமிலிருந்து 1973 இலேயே திரும்பிவிட்டன. எனவே 1969 இல் விலக்கப்பட்ட ஒருவருடைய வைத்தியக் குறிப்பில் அந்த நோயின் பெயர் எப்படி இருக்க முடியும்? 'சேவையில் இருந்தபோது உமக்கு நோய் இருந்ததற்குக் குறிப்பு எங்கே?' என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? பெயரே வைக்கப்படாத நோய்க்குச் சான்று இல்லாததால் அவர்களின் மனுக்கள் தள்ளப்பட்டன.

2014 மார்ச் மாதத்தில் வியட்நாம் போரின் முன்னாள் வீரர்கள் சிலர், யேல் சட்டக் கல்லூரி மாணவர்களின் உதவியோடு நீதிமன்றம் சென்றார்கள். அதே வருடம் செப்டெம்பர் 3 ஆம் திகதி பாதுகாப்புச் செயலாளர் சக் ஹேகல் மீளாய்வுச் சபைகளுக்கு ஒரு பணிப்புரை அனுப்பினார். மனவடு பற்றிய கோரிக்கைகளைத் தாராள மனத்தோடு ஆராய வேண்டும் என்பதே அதன் சாரம். ஹேகலும் வியட்நாமில் போரிட்டுக் காயப்பட்ட ஒரு சிப்பாய் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 2017 ஓகஸ்டில் வெளியான வழிகாட்டல் இதனை மேலும் விரிவாக்கியது. மூளைக் காயம், சேவைக் காலத்தில் நேர்ந்த பாலியல் வன்முறை, துன்புறுத்தல் என்பனவும் அதில் சேர்க்கப்பட்டன. ஈராக்கிற்கும் ஆப்கானிஸ்தானுக்கும் சென்று வந்தவர்கள் தொடுத்த இன்னொரு வழக்கின் இணக்கத்தை 2021 இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்படி, 2011 ஏப்ரலுக்குப் பின் நிராகரிக்கப்பட்ட குறிப்பிட்ட சில மனுக்களை மீண்டும் ஆராய இராணுவம் உடன்பட்டது.

வைத்தியசாலைக் கதவும் சிறிது திறந்தது. மூன்றாவது வகைப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் அவசர உளநலச் சிகிச்சை வழங்கும் ஏற்பாடு 2017 இல் ஆரம்பமானது. 2018 இல் வந்த சட்டம் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதனை மேலும் விரிவாக்கியது.

நான்கு கேள்விகள்

மனு எப்படிச் செய்யப்படுகிறது? விலகி 15 வருடங்களுக்குள் என்றால் விடுகை மீளாய்வுச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டால், அல்லது அங்கு கிடைத்த முடிவில் திருப்தி இல்லாவிட்டால், பதிவேடுகளைத் திருத்தும் சபைக்குப் போகலாம். இந்த இரண்டாவது சபையில் இருப்பவர்கள் சிவிலியன்கள். பிழையை அறிந்து மூன்று வருடங்களுக்குள் அங்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நீதியின் பொருட்டு அந்தக் காலவரையறையைத் தளர்த்தும் அதிகாரம் சபைக்கு உண்டு. இதற்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயமும் இல்லை. முன்னாள் படைவீரர் சங்கங்களும் சட்டக் கல்லூரிகளும் இலவசமாக உதவுகின்றன.

மனவடு காரணமாகத் தவறு நேர்ந்தது என்று சொல்பவரின் மனுவைச் சபை நான்கு கேள்விகளால் நிறுத்துப் பார்க்கிறது. அவருடைய தவறை மன்னிக்கவோ குறைத்து மதிக்கவோ கூடிய ஒரு நோய் அல்லது அனுபவம் அவருக்கு இருந்ததா? அது சேவைக் காலத்தில் ஏற்பட்டதா? அந்தத் தவறுக்கும் அதற்கும் உண்மையில் தொடர்பு உண்டா? அப்படியானால் தவறின் பாரத்தை விட அதன் பாரம் அதிகமா?

இந்த நான்கில் கடைசி இரண்டும்தான் கடினமானவை. நித்திரையின்மையைப் போக்கக் குடித்தான் என்பதில் தொடர்பு தெரிகிறது. ஆனால் திட்டமிட்டுக் களஞ்சியத்திலிருந்து பொருட்களைத் திருடி விற்றவன், எனக்கும் மனவடு இருக்கிறது என்று சொன்னால்? முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த தவறுகளைப் பொதுவாக நோய் மன்னிக்காது என்று வழிகாட்டலே சொல்கிறது. அதே வழிகாட்டல், கௌரவமான விடுகை பெறுவதற்கு ஒரு குறையுமில்லாத சேவை அவசியமில்லை என்றும் சொல்கிறது. சபையார் இந்த இரண்டுக்கும் இடையில் நின்றே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. இராணுவம் முறையாகவே நடந்திருக்கும் என்ற அனுமானத்தோடுதான் சபை ஆரம்பிக்கிறது. ஆகவே 'நான் ஒரு தவறும் செய்யவில்லை, எல்லாம் அதிகாரிகளின் சதி' என்று வெறுமனே எழுதுபவரின் மனு, பதிவேட்டில் உள்ள பரிசோதனை முடிவுகளோடு மோதி நொறுங்கிவிடும். 'ஆம், நான் செய்தேன். செய்ததற்கு வருந்துகிறேன். அதற்கு முன் எனக்கு நடந்தது இது, அதன்பின் நான் வாழ்ந்த வாழ்க்கை இது' என்று எழுதுபவருக்கே செவி சாய்க்கப்படுகிறது. காரணம் சொல்வது வேறு, சாட்டுச் சொல்வது வேறு. சாட்டு பொறுப்பைப் பிறர் தலையில் போடுகிறது. காரணம் சொல்பவர் பொறுப்பைத் தானே சுமந்துகொண்டு, அதன் அளவைச் சரியாக நிறுக்கும்படி கேட்கிறார்.

குடும்பத்தின் சாட்சியம்

அந்த நாட்டுச் சபைகள் எவற்றையெல்லாம் சான்றாக ஏற்கின்றன என்பது நம் வாசகியர் அறிய வேண்டிய விடயம். வைத்தியரின் அறிக்கை மட்டும் அல்ல. மனைவி எழுதும் கடிதம், தாயின் கடிதம், கூடப்பிறந்தவர்களின் கடிதம், ஒன்றாகப் போரிட்ட தோழனின் கடிதம் எல்லாம் சான்றுகளே.

ஏனென்றால் மாற்றத்தை முதலில் காண்பவர்கள் வீட்டிலுள்ளவர்கள். போவதற்கு முன் எப்படி இருந்தார், வந்த பின் எப்படி ஆனார் என்பதை எந்த வைத்தியரை விடவும் மனைவி அறிவாள். 'இரவில் எழும்பி வாசற்கதவைப் பூட்டியிருக்கிறதா என்று பத்துத் தடவை பார்ப்பார்', 'பிள்ளையின் பிறந்தநாளுக்கு பலூன் வெடித்தபோது மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டார்' என்பன போன்ற சிறு சிறு விடயங்கள்தான், வைத்தியக் குறிப்பு இல்லாத இடத்தில் அந்த வெற்றிடத்தை நிரப்புகின்றன. திடீரென வேலையில் பின்தங்கியமை, இடமாற்றம் கேட்டமை, குடிக்கத் தொடங்கியமை போன்ற மாற்றங்களும் நோயின் அடையாளங்களாக இருக்கலாம் என்று 2017 ஆம் ஆண்டு வழிகாட்டல் ஏற்றுக்கொள்கிறது. எந்தத் தவறுக்காக அவர் விலக்கப்பட்டாரோ அந்தத் தவறே நோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

விடுகைக்குப் பின்னான வாழ்க்கையும் பார்க்கப்படுகிறது. குடியை விட்டாரா? தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினாரா? ஊருக்கு உதவினாரா? இவற்றுக்கும் கடிதங்கள் வேண்டும்.

94 வருடங்கள்

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்வது பொருந்தும். ஹென்றி பிளிப்பர் 1856 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் 1877 இல் பட்டம் பெற்று வெளியேறிய முதலாவது கறுப்பின அதிகாரி அவர்தான். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கோட்டையில் உணவுக் களஞ்சியத்தின் பணத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது பணம் குறைந்தது. அதை மறைக்க அவர் பொய்க் கணக்குக் காட்டினார். பணத்தைக் கையாடியதாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டிலிருந்து இராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று கண்டு 1882 இல் சேவையிலிருந்து நீக்கியது.

அவர் பொறியியலாளராகச் சிறந்து விளங்கினார். காங்கிரஸிடம் பலமுறை முறையிட்டும் பயன் கிடைக்காமலே 1940 இல் இறந்துபோனார். பின்னர் ஒரு பாடசாலை ஆசிரியரும் பிளிப்பரின் உறவினர்களும் சேர்ந்து பதிவேடுகளைத் திருத்தும் சபைக்கு மனுச் செய்தார்கள். தீர்ப்பை நீக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று சொன்ன சபை, தண்டனை அளவுக்கு மிஞ்சிக் கடுமையானது என்று கண்டது. 1976 இல் அவருக்குக் கௌரவமான விடுகைப் பத்திரம் வழங்கப்பட்டது. நீக்கப்பட்டு 94 வருடங்கள். இறந்து 36 வருடங்கள். 1999 இல் ஜனாதிபதி கிளின்டன் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார்.

பிளிப்பர் தவறே செய்யாதவர் என்று சபை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பொய்க் கணக்குக் காட்டியது தவறுதான். அந்தத் தவறுக்கு அந்தத் தண்டனை மிகை என்றுதான் சொன்னது. தவறையும் அதற்குரிய தண்டனையையும் வேறுவேறாக வைத்துப் பார்த்ததால்தான் அந்த நீதி பிறந்தது.

அப்படியானால் நேர்மையாக இருந்தவன்?

ஒரு மறுப்பு எஞ்சியிருக்கிறது. அதே குண்டுவெடிப்பில் அதே வாகனத்தில் இருந்த இன்னொருவனும் உண்டு. அவனுக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் அவன் குடிக்கவில்லை, முகாமை விட்டு ஓடவில்லை, காலம் முடியும் வரை சேவை செய்து கௌரவமான விடுகை பெற்றான். இருவருக்கும் ஒரே பத்திரம் என்றால் அவனுடைய பொறுமைக்கு என்ன மதிப்பு? படையின் ஒழுங்கு என்னாவது?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. படை ஒழுங்கு குலைந்தால் அதற்காக உயிர் கொடுப்பவர்கள் மற்றச் சிப்பாய்கள்தான். அதனால்தான் மனுக்களை அப்படியே ஏற்காமல் நிறுத்துப் பார்க்கிறார்கள். பல மனுக்கள் நிராகரிக்கப்படுகின்றன. சிலருக்கு முழுக் கௌரவம் கிடைக்காமல் பொது விடுகை வரைதான் உயர்வு கிடைக்கிறது.

ஆனால் இதையும் சிந்தியுங்கள். ஒரே மாடியிலிருந்து இருவர் விழுந்தார்கள். ஒருவருக்கு எலும்பு முறியவில்லை, மற்றவருக்கு முறிந்தது. முறியாதவரை உதாரணம் காட்டி முறிந்தவருக்குக் கட்டுப்போட மறுக்கும் வைத்தியர் உண்டா? நேர்மையாக இருந்தவனின் மதிப்பு அவனுடைய பதக்கங்களிலும் பதிவேட்டிலும் இருக்கிறது. மற்றவனுக்கு மருந்து கிடைப்பதால் அது குறைந்துவிடாது.

பத்திரம் எழுதுகின்ற பேனை நம்மில் பலருடைய கையிலும் இருக்கிறது. அதிபரின் கையில் இருக்கிறது, தொழில் தருபவரின் கையில் இருக்கிறது, வீட்டில் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தந்தையின் நாவிலும் இருக்கிறது. நேற்று வரை ஒழுங்காக இருந்தவன் இன்று ஏன் இப்படி ஆனான் என்ற கேள்வியை, அந்த இளைஞனிடம் காகிதத்தை நீட்டிய அதிகாரிகள் கேட்கவில்லை. பத்தோ இருபதோ வருடங்களுக்குப் பிறகு ஒரு சபை அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. பேனை கையில் இருப்பவர் அதை எழுதுவதற்கு முன்பே கேட்டுவிட்டால் எவ்வளவு நல்லது!